கணக்கில் முட்டி நிற்கும் பிள்ளைக்கு இரண்டாவது வழி: ஆறு வார வகுப்பை நடத்தும் முறை

வேலூர் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாயில் 'கிரியேட்டிவ்' என்ற சொல் வந்தால் அதற்குப் படைப்பாற்றல் என்று பொருள் கிடையாது. புத்தகத்துப் பயிற்சியில் இல்லாத கணக்கு என்று பொருள். பொதுத்தேர்வுத் தாளில் 28-வது 2 மார்க்கும் 42-வது 5 மார்க்கும் கட்டாய வினா, பெரும்பாலும் அது அங்கேதான் வந்து உட்காரும். வெளியே வரும் பிள்ளையைக் கேட்டால் "கிரியேட்டிவ் மட்டும் விட்டுட்டேன் சார்" என்பான். தப்பாகப் போட்டேன் என்றல்ல, பேனாவே வைக்கவில்லை.

அந்தப் பேனா வைக்காத இடத்தைச் சரிசெய்யத்தான் இந்த வகுப்பு. முட்டிக்கொண்ட பிறகும் திரும்பக் கை வைப்பது மீள்திறன், வேறு வழி கண்டுபிடிப்பது படைப்புச் சிந்தனை. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது, ஆனால் முதலாவது மட்டும் இருக்கிற பிள்ளை செக்குமாடு மாதிரி ஒரே வழியில் சுற்றிக்கொண்டே இருக்கும், அதை நாமும் 'நல்ல உழைப்பாளி' என்று பாராட்டிக்கொண்டிருப்போம். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் பழக்க வேண்டும், அதுவும் ஒரு வரிசையில்.

நான் காட்பாடி பக்கம் ஒரு மொட்டை மாடியில் சாயங்காலம் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேருக்குக் கணக்கு எடுக்கிறேன். அதில் வாரத்தில் ஒரு நாள் 45 நிமிடம், ஆறு வாரம், இந்த வகுப்பு. இல்லம் தேடிக் கல்வி தொடங்கிய சமயத்தில் தன்னார்வலராக இருந்த சிலர் இதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் நடத்தினார்கள். அவர்கள் சறுக்கிய இடங்களும் அதற்கு முன் நான் சறுக்கிய இடங்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு கோடு போடாத ரஃப் நோட்டு, ஒரு பேனா. பென்சிலும் ரப்பரும் பைக்குள்ளேயே இருக்கட்டும். இதற்குக் கடுமையான எதிர்ப்பு வரும், விட்டுக்கொடுக்காதீர்கள். அழித்த தப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அடித்துவிட்ட தப்பு பத்து நிமிடம் கழித்து வேலைக்கு வரும். எப்படி என்பதை நாலாம் படியில் பாருங்கள்.

இரண்டு பேருக்கு ஒரு கட்டு குச்சி. புத்தகங்களில் தீக்குச்சி என்றுதான் போட்டிருக்கும். நான் துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒரே நீளமாக நறுக்கித் தருகிறேன். 18 பிள்ளைகள், மொட்டை மாடி, காரணம் உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பலரும் தாண்டிப் போகிற விஷயம். கொடுக்கப் போகும் கணக்கை முந்தின நாள் நீங்களே மூன்று வழியில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒரே வழி தெரிந்த வாத்தியார் பிள்ளை வேறு பக்கம் போனதும் தன்னையறியாமல் "அப்படி இல்லப்பா" என்று இழுத்துவிடுவார். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் எந்தப் பக்கமும் போகாது, உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

வீட்டிலும் சொல்லிவிடுங்கள். "சார், போர்ஷன் முடிஞ்சுதா?" என்று கேட்கிற அம்மாவுக்கு, வாரத்தில் ஒரே நாள் இப்படி, மற்ற நாளில் போர்ஷன் என்று முதலிலேயே சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். நோட்டில் நிறைய அடித்தல் இருக்கும், திட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் முதல் தடவை சொல்லாமல் விட்டதில், ஒரு பெண் இரவோடு இரவாக முழு நோட்டையும் அழகாக வேறு நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

2. எந்தக் கணக்கைக் கொடுப்பது

மூன்று சோதனை வையுங்கள். வகுப்பில் கடைசியாக இருக்கும் பிள்ளையும் முதல் ஐந்து நிமிடத்தில் ஏதாவது ஒன்று செய்து பார்க்க முடியுமா? விடைக்குப் போக இரண்டு வழிக்கு மேல் இருக்கிறதா? விடை சரியா என்று உங்களைக் கேட்காமலே பிள்ளை சரிபார்த்துக்கொள்ளலாமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுங்கள்.

விடுகதை மாதிரிக் கணக்குகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். புதிதாக வருபவர்கள் 'கிரியேட்டிவ்' என்றதும் வாட்ஸப்பில் சுற்றும் புதிர்களைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒரு குறுக்கு வித்தை இருக்கும், தெரிந்தவனுக்கு நொடியில் வரும், தெரியாதவன் அரை மணி நேரம் மெனக்கெட்டாலும் வராது. மெனக்கெட்டதற்கும் விடைக்கும் தொடர்பே இல்லை என்றுதான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்ளும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

3. மூன்று விரல் பழக்கம்

கணக்குக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுங்கள், ஐந்து நிமிடம் போதும். ஒரு விரல்: சுலபமாகப் போகிறது. இரண்டு விரல்: இழுக்கிறது, ஆனால் யோசனை ஓடுகிறது. மூன்று விரல்: ஒன்றும் ஓடவில்லை, வயிற்றைப் பிசைகிறது. நீங்கள் கேட்கும்போது பிள்ளைகள் நெஞ்சோடு ஒட்டி விரல் காட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியக் கூடாது.

கணக்கில் மீள்திறன் பற்றி இங்கிலாந்தில் வேலை செய்த கிளேர் லீ, சூ ஜான்ஸ்டன்-வைல்டர் இருவரும் சொகுசு, வளர்ச்சி, பதற்றம் என்று மூன்று வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அதைத்தான் விரலுக்கு மாற்றியிருக்கிறேன். ஒரு விரலில் இருப்பவனுக்குப் பெரிய எண் கொடுங்கள். இரண்டு விரல்காரனைத் தொடாதீர்கள், அவன் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறான். மூன்று விரல் காட்டும் பிள்ளையிடம் "தைரியமா இரு, உன்னால முடியும்" என்று சொல்வது வீண். பதற்றத்தில் இருப்பவனுக்கு அது காதில் ஏறாது. கணக்கைச் சின்னதாக்கிக் கொடுங்கள்: 100 சதுரம் வேண்டாம், 3 சதுரம் மட்டும் வைத்துப் பார். கை வேலை செய்ய ஆரம்பித்தால் விரல் தானாக இரண்டுக்கு இறங்கும்.

இந்தப் படியைத் தாண்டி நேரே "வேற வழி யோசி" என்று ஆரம்பித்தவர்கள் வகுப்பில் நடந்தது எல்லாம் ஒன்றே: நன்றாகப் படிக்கும் மூன்று பேர் பேசுவார்கள், மீதிப் பேர் எழுதுவது போல நடிப்பார்கள்.

4. முதல் வாரம்: குச்சிச் சதுரங்கள்

கணக்கு இதுதான். குச்சிகளை வைத்து ஒரு சதுரம், அதை ஒட்டி இன்னொன்று, இப்படி வரிசையாக ஒட்டிக்கொண்டே போகிறோம். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களுக்கு நடுவில் ஒரே குச்சி. 10 சதுரத்துக்கு எத்தனை குச்சி? 100 சதுரத்துக்கு?

முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, நீங்களும்தான். இதுதான் கஷ்டம். "இன்னா சார், ஒண்ணுமே சொல்ல மாட்றீங்க" என்பார்கள், சிரித்துவிட்டு இருங்கள்.

முதலில் வரும் விடை 40. சதுரத்துக்கு 4 குச்சி, 10 சதுரம், 40. குச்சியை வைத்துப் பார்த்தவர்களுக்கு 31 வரும். இப்போது 40 எழுதியவனிடம் தப்பு என்று சொல்லாதீர்கள், வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவனே எண்ணி 31 என்று கண்டுபிடித்து உடனே 40-ஐ அடிக்கப் போவான், அங்கேதான் பிடிக்க வேண்டும்: "அடிக்காதே. 40-க்கும் 31-க்கும் 9 வித்தியாசம். அந்த 9 எங்கே போச்சு?" அவன் குச்சிகளைப் பார்ப்பான். 10 சதுரம் ஒட்டினால் நடுவில் 9 ஒட்டு, ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு குச்சியை இரண்டு தடவை எண்ணியிருக்கிறான். ஆக 40 − 9 = 31. தப்பு விடைதான் இப்போது ஒரு வழி.

100 சதுரத்துக்கு வரும்போது இன்னும் நல்ல தப்பு ஒன்று வரும். 10-க்கு 31, அப்போ 100-க்கு பத்து மடங்கு, 310. ஒரு பையன் இதை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான், பக்கத்தில் ஒருத்தி 301 என்று நிரூபித்ததும் முகம் தொங்கிவிட்டது. "உன் 310-ஐ நீயே காப்பாத்து பார்க்கலாம்" என்று விட்டேன். ஏழெட்டு நிமிடம் கழித்து, பத்துப் பத்தாகப் பத்து ரயில் பெட்டி செய்தேன் சார், அதை ஒட்டினால் 9 இடத்தில் குச்சி ரெட்டையாக வரும், அதை எடுத்தால் 301 என்றான். 310 − 9 = 301. அந்த வழி நான் முந்தின நாள் எழுதி வைத்திருந்த மூன்றில் இல்லை. காட்பாடி ஜங்ஷன் பக்கத்துப் பையனுக்கு ரயில் பெட்டி தோன்றியதில் ஆச்சரியமில்லை, எனக்குத் தோன்றாததுதான் ஆச்சரியம்.

மீள்திறனுக்கும் படைப்புக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால் நான் இந்த 310-ஐத்தான் காட்டுவேன். தப்பைத் தூக்கி எறிந்திருந்தால் அந்த வழி பிறந்திருக்காது. தப்பு விடையோடு எட்டு நிமிடம் உட்கார முடிந்ததால் பிறந்தது.

கரும்பலகையில் எல்லா வழியையும் எழுதுங்கள். முதல் சதுரத்துக்கு 4, பிறகு ஒவ்வொன்றுக்கும் 3: 4 + 99 × 3. இடது ஓரத்தில் ஒரு குச்சி, பிறகு எல்லாச் சதுரத்துக்கும் 3: 1 + 100 × 3. மேல் வரிசை 100, கீழ் வரிசை 100, நிற்கிற குச்சி 101. மொத்தமாக 400 எடுத்து 99-ஐக் கழித்தல். எல்லாம் 301. இதற்கப்புறம் 3n + 1 என்று இயற்கணிதத்தில் எழுதிக் காட்டுங்கள், முன்னால் எழுதினால் விளையாட்டு முடிந்துவிடும்.

கடைசியில் இப்படித் தொகுத்துச் சொல்லும் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். முதலில் திணறிவிட்டு அப்புறம் பாடம் கேட்டால் கருத்து நன்றாகப் பதிகிறது என்று சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மனு கபூர் செய்த ஆய்வுகள் காட்டின, ஆனால் அங்கே திணறலுக்குப் பின் பாடம் இருந்தது. திணறவிட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு அனுப்பினால் வெறும் திணறல்தான் மிஞ்சும்.

5. நின்ற இடத்தை ஒரு வரியில் எழுதுவது

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு விதி. "தெரியல சார்" என்று வாயால் சொல்லக் கூடாது, நோட்டில் எழுத வேண்டும். மூன்று துண்டாக: இதுவரை என்ன செய்தேன், எங்கே நின்றேன், எது தெரிந்தால் நகர்வேன்.

மூன்றாவது துண்டுதான் உயிர். எட்டாம் படியில் வரும் ஆடு-கோழிக் கணக்கில் "ஆடு எத்தனைன்னு தெரிஞ்சா கோழி வந்துடும்" என்று எழுதுகிற பிள்ளை பாதிக் கணக்கைப் போட்டுவிட்டது, அதற்குத்தான் இன்னும் தெரியவில்லை. மொத்தமாகத் 'தெரியல' என்பது சுவர், இந்த வரி அதில் ஒரு ஜன்னல் வைத்துவிடுகிறது. முதலில் எல்லாரும் "ஒண்ணுமே புரியல" என்றுதான் எழுதுவார்கள், மூன்று வாரம் பொறுங்கள்.

6. எழுந்து போவது

பதினைந்து நிமிடம் இழுத்தும் நகரவில்லையா, நோட்டை மூடச் சொல்லுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு மாடியை ஒரு சுற்று சுற்றட்டும். கோட்டை மலைப்பக்கம் பார்க்கட்டும், சண்டை போடட்டும், ஐந்து நிமிடம். ஒரே பாதையில் மாட்டிய மனது விலகியிருக்கும்போது தளர்கிறது. ஆனால் நின்ற இடத்தை எழுதிவிட்டுப் போக வேண்டும். எழுதாமல் போனால் அது ஓய்வு இல்லை, ஓட்டம்.

சித்திரை, வைகாசியில் வகுப்பை ஆறு மணிக்கு மேல் தள்ளிவிடுங்கள். வேலூர் வெயிலில் மீள்திறன் பேசுவது பாவம்.

7. மூன்றாம் வாரம்: குடமும் டிரம்மும்

விடாமல் முயல்வது மட்டும் போதாது என்பதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்ல முடியாது, பட்டால்தான் தெரியும். 1942-ல் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட தண்ணீர்ச் சாடிச் சோதனை இதற்கென்றே செய்தது போல இருக்கும். நான் லாரித் தண்ணீர் பிடிக்கிற பாத்திரமாக மாற்றிவிட்டேன்.

குடம், டிரம், சொம்பு மூன்றும் இருக்கிறது, அளவுக்கோடு கிடையாது, கேட்ட அளவைப் பிடிக்க வேண்டும். குடம் 21 லிட்டர், டிரம் 127, சொம்பு 3, வேண்டியது 100. (127 லிட்டர் டிரம் எந்தக் கடையில சார் என்று கேட்பார்கள், சமாளியுங்கள்.) டிரம்மை நிரப்பி, ஒரு குடம் எடுத்து, இரண்டு சொம்பு எடுத்தால் 127 − 21 − 6 = 100. அடுத்து 20, 59, 4, வேண்டியது 31. அப்புறம் 12, 50, 5, வேண்டியது 28. எல்லாம் அதே வழியில் வரும், பிள்ளைகள் வேகம் எடுத்துவிடுவார்கள்.

இப்போது 23, 49, 3, வேண்டியது 20. முக்கால்வாசிப் பேர் 49 − 23 − 6 என்று போட்டுவிட்டு நிமிர்வார்கள். விடை சரிதான். ஆனால் குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்தாலே 20. யாருமே பார்க்கவில்லை என்றால் நீங்களும் வாயைத் திறக்காமல் அடுத்ததைக் கொடுங்கள்: 28, 76, 3, வேண்டியது 25. பழைய வழியில் 42 வரும். சிலர் மறுபடி மறுபடி அதையே போடுவார்கள், ஒருத்தன் கட்டாயம் "கணக்கு தப்பு சார்" என்பான். அப்புறம் எங்கிருந்தோ ஒரு குரல் வரும், "ஏய், 28-ல 3 போனா 25டா!" வகுப்பே சத்தம் போடும்.

சத்தம் அடங்கியதும் ஒரே கேள்வி கேளுங்கள்: கடைசிக் கணக்கில் எத்தனாவது தடவை வழியை மாற்றினாய்? அதை நோட்டில் எழுதட்டும். முயற்சி செய்தேன் என்பதைவிட, எத்தனை தடவை திரும்பினேன் என்று எண்ணுகிற பழக்கம் இங்கே தொடங்குகிறது. பொறுமை என்றால் அசையாமல் நிற்பது என்று பிள்ளைகளுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், கணக்கில் அது கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து நிற்பது.

8. நாலாம், ஐந்தாம் வாரம்: இரண்டாவது வழிக்குத்தான் மார்க்

பொய்கை சந்தைக் கணக்கு. ஒருவர் ஆடும் கோழியும் ஓட்டிக்கொண்டு வருகிறார், தலை 20, கால் 56. ஆடு எத்தனை, கோழி எத்தனை? முதல் வழிக்கு மார்க் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை x போட்டு விடை கண்டுபிடிக்கும், 8 ஆடு, 12 கோழி. நல்லது, இனிமேல்தான் வகுப்பு.

எல்லாம் கோழி என்று வைத்தால் 40 கால்தான் வரும், மீதி 16 கால், ஒவ்வொரு ஆட்டுக்கும் கூடுதலாக 2, ஆக 8 ஆடு. எல்லாம் ஆடு என்று வைத்துக் கழித்துக்கொண்டும் வரலாம். 20 வட்டம் போட்டு இரண்டிரண்டு காலாக ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளையும் இருக்கும், அதைச் 'சின்னப் பசங்க வழி' என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் ஆடுகள் எல்லாம் முன்னங்காலைத் தூக்கி நிற்கட்டும், கோழிகள் ஒற்றைக் காலில் நிற்கட்டும் என்றாள்: கால் பாதியாகி 28, தலை 20, கூடுதலாக இருக்கும் எட்டுக் காலும் ஆடுகளுடையவை.

மார்க் போடும் முறைக்கு, படைப்பாற்றலை அளக்கச் சோதனை வகுத்த டாரன்ஸ் என்பவரின் அளவுகோல்களில் மூன்றை எடுத்துக்கொண்டேன். எத்தனை விடைவழி என்பது சரளம், எத்தனை வகை என்பது நெகிழ்வு, வகுப்பில் வேறு யாருக்கும் வராதது தனித்தன்மை. எல்லாம் கோழி, எல்லாம் ஆடு இரண்டும் சரளத்தில் இரண்டு, நெகிழ்வில் ஒன்றுதான், ஏனென்றால் யோசனை ஒன்று. நான் நெகிழ்வுக்கு இரண்டு மடங்கு தருகிறேன். தனித்தன்மைக்கு மார்க்கே தருவதில்லை, பலகையில் வழிக்குப் பக்கத்தில் பேர் எழுதுகிறேன், அவ்வளவுதான். அதற்கு மார்க் போட்ட ஒரு தொகுதியில் பிள்ளைகள் நோட்டை மறைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள், அதோடு விட்டேன்.

9. அடிக்கடி பார்க்கிற சறுக்கல்கள்

சீக்கிரம் குறிப்பு கொடுப்பதுதான் முதலாவது, நானும் இன்னும் முழுசாக விடவில்லை. ஒரு பிள்ளை கண்கலங்கினால் வாய் தானாகத் திறந்துவிடும். குறிப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கேள்வியாகக் கொடுங்கள், "சின்ன எண்ணில் போட்டுப் பார்த்தாயா?", "படம் போட்டால் எப்படி இருக்கும்?" மாதிரி எந்தக் கணக்குக்கும் பொருந்துகிற கேள்வியாக. இந்தக் கணக்குக்கு மட்டும் பொருந்தும் குறிப்பு இந்தக் கணக்கோடு தீர்ந்துவிடும்.

ராமானுஜன் கதையில் ஆரம்பிப்பது இன்னொன்று. எனக்கும் அந்தக் கதை உயிர்தான், ஆனால் முட்டி நிற்கிற பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது 'கணக்கு பிறவியிலேயே வரணும்' என்பதைத்தான்.

வேகமாக முடிப்பவனை உதவிக்கு அனுப்புவதும் வேண்டாம். உதவி என்ற பேரில் விடையைச் சொல்லிவிட்டு வந்துவிடுவான். அவனுக்கு வேலை, தன் கணக்கில் ஒரு எண்ணை மாற்றி விடையே வராதபடி செய்வது. தலை 20, கால் 55 என்றால் ஏன் வராது?

10. ஆறாம் வாரமும் பத்தாம் வகுப்பும்

ஆறாம் வாரம் புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். முதல் வார நோட்டைத் திறந்து நின்ற இடங்களை வாசிக்கச் சொல்லுங்கள், யாராவது பழைய கணக்குக்கு இன்னொரு வழி சொன்னால் அது போனஸ்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதை அரையாண்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள், பொதுத்தேர்வு நெருக்கத்தில் புதுப் பழக்கம் எடுபடாது. தேர்வறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கேள்வித்தாள் வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் 28-ஐயும் 42-ஐயும் முதலில் வாசித்துவிட்டு அப்படியே விட வேண்டும், மற்றதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மனதின் ஓரத்தில் அது ஊறும், மாடியைச் சுற்றப் போனது மாதிரி. கடைசி இருபது நிமிடத்தில் திரும்பி வந்து, வழி தெரியாவிட்டாலும் கொடுத்ததை எழுதி, படம் போட்டு, சின்ன எண்ணில் ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்டெப் மார்க் வரலாம், வராமலும் போகலாம். போன வருடம் ஒரு பையன் வெளியே வந்து "கிரியேட்டிவ்ல பாதியில நின்னுட்டேன் சார்" என்றான். எந்த இடத்தில் என்று கேட்டேன், நின்று சொன்னான்.